குடலில் மிச்சம், மூளையில் பற்றாக்குறை

எங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவை அதுவரை நான் திருப்பிப் பார்த்ததே கிடையாது. போன மார்கழியில் என் நாத்தனார்தான் அதை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அண்ணி, இதுல கோதுமை மாவுன்னு போட்டிருக்குது."

அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அவள் கோதுமையை விட்டு நாலு மாசம். சப்பாத்தி இல்லை, பரோட்டா இல்லை, ரவா உப்புமா, சேமியா எதுவும் இல்லை. ஆனால் ரசம் தினமும் உண்டு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் வேரில் வடியும் பிசின் தனியாகச் சமையலில் போட முடியாத அளவுக்குக் காட்டமானது என்பதால், கோந்தும் மாவும் சேர்த்துப் பக்குவப்படுத்தி விற்கிறார்கள். அந்த மாவு சில கம்பெனியில் அரிசி, பலவற்றில் கோதுமை அல்லது மைதா. ஒரு சிட்டிகைதானே என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு இருப்பது சீலியாக், கோதுமை உள்ளே போனால் உடம்பே தன் குடலைத் தாக்கும் நோய். அது உள்ளவர்களுக்கு அந்தச் சிட்டிகையும் கணக்கில் வரும்.

நான் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன், படித்தது பயோகெமிஸ்ட்ரி. அப்படியிருந்தும் சொந்த வீட்டில் ஆறு வருஷமாக ஒருத்தி இந்த நோயோடு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள். ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாது, டிரிப்ஸில் ஏற்றினால் ரெண்டு மாசம் தாங்கும், மறுபடி இறங்கிவிடும். வாய்ப்புண், வயிற்று உப்புசம். அதைவிட வீட்டுக்காரர்களைத் திணறடித்தது வேறு: தூக்கம் கிடையாது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவாள், காரணமில்லாமல் அழுவாள். போன ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி மனச்சோர்வு மாத்திரை எழுதினார்கள். மாத்திரை போட்ட முதல் வாரம் வயிறு இன்னும் கெட்டது.

அந்த முதல் வாரத்தில்தான் இந்தக் கட்டுரையின் முடிச்சு இருக்கிறது, முடிச்சின் பெயர் செரோடோனின். அதை அவிழ்க்கக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் இருக்கும் புரதக் கூட்டத்துக்குக் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அந்த இழுவை குளூட்டன் கொடுப்பது. இதை நம் செரிமான நொதிகளால் முழுசாக வெட்ட முடியாது, யாருடைய குடலாலும் முடியாது. நீளநீளத் துண்டுகளாக மிச்சம் நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு அது வந்த வழியே போய்விடும். சிலருடைய உடம்பில், டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டுகளைச் சற்றே மாற்றிவிட, எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற மரபுக்கூறு அதைக் கெட்டியாகப் பிடித்து நோய் எதிர்ப்பு அணுக்களிடம் காட்டிக்கொடுக்கிறது. அவை எதிரி என்று நினைத்துப் போர் தொடுக்கின்றன. போர் நடக்கும் இடம் நம்முடைய சிறுகுடல். அதன் உள்சுவரில் கம்பளி நூல் மாதிரி நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடுகின்றன. சத்தை உறிஞ்சும் பரப்பே போய்விட்டால் இரும்பு மாத்திரை போட்டு என்ன பயன்?

சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது என்பது 1888இலேயே லண்டன் மருத்துவர் சாமுவேல் கீக்குத் தெரிந்திருந்தது. எது என்றுதான் தெரியவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துத் தேற்றினார். பழத்தில் மருந்து இருப்பதாக நம்பினார்கள். உண்மையில் அவர் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்துவிட்டதுதான் மருந்து. கோதுமைதான் குற்றவாளி என்று நிறுவியவர் நெதர்லாந்து குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில் அங்கே ரொட்டிக்கே பஞ்சம் வந்தது. மற்ற பிள்ளைகள் வாடியபோது, அவருடைய சீலியாக் பிள்ளைகள் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார்.

நாம் அரிசி தின்கிறவர்கள், நமக்கு எங்கே இது வரப்போகிறது என்ற எண்ணம் சேலத்தில் எனக்கும் இருந்தது, எனக்குத் தெரிந்த டாக்டர்கள் பலருக்கும் இருந்தது. அந்த எண்ணத்தில் பாதி நியாயம் உண்டு. 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு வடக்கே ஃபரிதாபாத் பகுதி, வடகிழக்கே அசாம், தெற்கே நம் பக்கத்து வேலூர் என மூன்று இடங்களில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலமான பெரியவர்களைப் பரிசோதித்தது. நோய்க்கான ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்பு அணுக்கள் உண்டாக்கும் புரதம், வடக்கில் 1.23 சதவீதம் பேரிடம், தெற்கில் 0.10 சதவீதம் பேரிடம் இருந்தது. மரபுக்கூறு மட்டும் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு. எது வேறு? வடக்கில் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம்.

அந்த 25 கிராமை நம் ஊரில் இப்போது யார் கடைப்பிடிக்கிறார்கள்? சர்க்கரை என்று ரிப்போர்ட்டில் ஒரு கோடு தென்பட்டதும் "நைட்டு ரெண்டு சப்பாத்தி சாப்பிடுங்க" என்பது வேதவாக்காகிவிட்டது. (சோற்றுக்கும் மைதா கலந்த சப்பாத்திக்கும் சர்க்கரை ஏறுவதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒன்றும் இல்லை. அது இன்னொரு சண்டை.) நாத்தனாரும் மூன்று வருஷம் அப்படித்தான் தின்றாள். அவளுக்கு எப்போது தொடங்கியது என்று யாரும் தேதி குறிக்க முடியாது. ஆனால் துப்பாக்கி நம்மிடமும் இருக்கிறது, தோட்டா மட்டும் குறைவாக இருந்தது என்றுதான் அந்த ஆய்வை நான் படிக்கிறேன்.

சரி, செரோடோனினுக்கு வருவோம். வாட்ஸாப்பில் "சந்தோஷ ஹார்மோன்" என்று சுற்றுகிறதே, அதுதான். பெயர் மூளையோடு ஒட்டிக்கொண்டாலும் அதன் பிறந்த வீடு வயிறு. 1930களில் இத்தாலிய விஞ்ஞானி விட்டோரியோ எர்ஸ்பாமர் குடல் சுவரில் தசையைச் சுருக்கும் ஒரு பொருளைக் கண்டு என்டெரமின் என்று பெயரிட்டார். 1948இல் அமெரிக்காவில் ரத்தத்திலிருந்து வேறொரு பொருளைப் பிரித்துச் செரோடோனின் என்றார்கள். இரண்டும் ஒன்றே என்று 1952இல் தெரிந்தது. அது மூளையிலும் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி பெட்டி ட்வாரோக் கண்டது அதற்கும் பிறகு. இன்றைய கணக்கில் உடம்பிலுள்ள செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான்.

அதைச் செய்வது என்டெரோகுரோமாஃபின் என்ற செல். பழைய காலத்தில் வெள்ளி உப்புக் கரைசலைப் போட்டால் இந்தச் செல் மட்டும் வெள்ளியைப் பிடித்துக்கொண்டு கறுத்துப் போகும், மைக்ராஸ்கோப்பில் மிளகு தூவியது போலத் தெரியும். இதை நாத்தனார் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்ப குடலுக்குள்ளயும் எங்க தொழில்தான் ஓடுதா?" என்று சிரித்தார். செவ்வாய்பேட்டைக்காரர், கறுத்த வெள்ளியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடலில் செரோடோனினுக்கு வேலை போக்குவரத்து. உணவு இறங்கி வந்து சுவரை உரசியதும் இந்தச் செல்கள் செரோடோனினைக் கொட்டும். அது நரம்பைத் தட்டும், குடல் அலையலையாக நகரும். அளவு மீறினால் குமட்டல், வலி, பேதி. கேன்சர் மருந்து ஏற்றிய பிறகு வரும் வாந்திக்கு ஆன்டான்செட்ரான் கொடுக்கிறார்களே, அது செரோடோனினின் ஒரு கதவை அடைக்கும் மருந்து. ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்கிறவர்களுக்கு இது அவ்வளவாகக் கேட்காது. அந்த வாந்தி காதிலிருந்து கிளம்பி வேறு பாதையில் வருவது, அதற்கு அவோமின்தான்.

வேலை முடிந்த செரோடோனினை உடனே அள்ளிக்கொண்டு போகவும் ஆள் வேண்டும். குடலுறிஞ்சிகளைப் போர்த்தியிருக்கும் செல்கள்தான் அந்தத் துப்புரவு வேலையைச் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் செரோடோனினை உள்ளே இழுக்கும் ஒரு கடத்தி உண்டு. சீலியாக்கில் அந்தக் குடலுறிஞ்சிகள்தான் தேய்ந்து போகின்றன. மறுபக்கம், கொட்டும் செல்கள் குறைவதில்லை, கூடவே செய்கின்றன. கொட்டுகிறவர்கள் அதிகம், கூட்டுகிறவர்கள் குறைவு. 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், சிகிச்சை தொடங்காத சீலியாக் நோயாளிகளுக்குச் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் செரோடோனின் மற்றவர்களைவிட அதிகமாக எகிறியது, எகிறிய அளவுக்கு வயிற்றுத் தொந்தரவும் இருந்தது. அவர்களுடைய குடல் சுவரிலும் அந்தச் செல்கள் கூடுதல்.

இப்போது அந்த முதல் வாரத்துக்குத் திரும்பலாம். மனச்சோர்வுக்கு எழுதும் பெரும்பாலான மாத்திரைகள் செய்யும் காரியம், செரோடோனினை அள்ளும் கடத்தியை அடைப்பது. அதே கடத்தி குடலிலும் இருக்கிறது. யாருக்குமே முதல் சில நாள் குமட்டலும் வயிற்றோட்டமும் வரலாம். ஏற்கெனவே கூட்டுகிற ஆள் பாதியாகிவிட்ட குடலில் மிச்சம் இருந்தவரையும் லீவில் அனுப்பினால் என்ன ஆகும்? அவள் விஷயத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம், நிரூபணம் கையில் இல்லை. மாத்திரை தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. மெதுவாக அளவைக் கூட்டி இன்றும் அவள் அதைச் சாப்பிடுகிறாள், உதவுகிறது. திடீரென்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

குடலில் இவ்வளவு மிச்சம் இருக்கும்போது மூளைக்கு ஏன் பஞ்சம்? ஏனென்றால் குடல் செரோடோனின் மூளைக்குப் போகவே போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்ட அதற்கு அனுமதி இல்லை. வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கிறது, அதனால் மனசு குளிரும் என்று வரும் ஃபார்வர்டை இந்த ஒரு வரியில் கடாசிவிடலாம். மூளை தன் செரோடோனினைத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான சாமான் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். அதை நம் உடம்பு செய்யாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

இந்தச் சாமான் மூளைக்கு வந்து சேரும் வழியில் சீலியாக் மூன்று நான்கு இடத்தில் மறிக்கிறது. முதல் மறியல் குடல்வாசலிலேயே. உறிஞ்சும் பரப்பு குறைந்தால் டிரிப்டோஃபானும் குறையும். 1991இல் ஸ்பெயினில் சிகிச்சை தொடங்காத குழந்தைகளின் ரத்தத்தில் பார்த்தபோது அளவு குறைந்துதான் இருந்தது. வந்த கொஞ்சமும் மூளைத் தடுப்பின் வாசலில் மற்ற பெரிய அமினோ அமிலங்களோடு முண்டியடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாசல். பழைய பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாபேட்டை டவுன் பஸ் படியில் ஒல்லியான ஒரு பள்ளிக்கூடப் பையன் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மறியல்தான் எனக்கு ரொம்ப சுவாரசியமானது. சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபானில் செரோடோனினாக மாறுவது மிகச் சிறு பங்கு. பெரும்பங்கு, 95 சதவீதம் வரை, கைன்யூரெனின் என்ற வேறொரு பாதையில் போய்விடும். சாதாரண நாளில் அந்தப் பாதையின் பெரும் வேலை கல்லீரலில் நடக்கும். உடம்பில் அழற்சி மூண்டால் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்தியை அனுப்பும். அதைக் கேட்டதும் ஐ.டி.ஓ. என்ற நொதி பல திசுக்களில் விழித்துக்கொண்டு டிரிப்டோஃபானை அந்தப் பாதைக்கே மேலும் மேலும் இழுக்கும். கிருமி வந்த நேரத்தில் அதன் சோற்றில் கைவைக்க உடம்பு செய்யும் தந்திரம் இது. சீலியாக்கில் குளூட்டனைப் பார்த்த அணுக்கள் அனுப்பும் முக்கியமான செய்தியே இன்டர்ஃபெரான் காமாதான். கிருமியே இல்லாத ஒரு போரில், தினசரி ரெண்டு சப்பாத்திக்காக, மூளையின் அரிசி மூட்டை வேறு குடோனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதோடு, டிரிப்டோஃபானைச் செரோடோனினாக்கும் முதல் நொதிக்கு இரும்பு வேண்டும், இரண்டாவது நொதிக்கு வைட்டமின் பி6 வேண்டும். இரண்டுமே சீலியாக்கில் தட்டுப்பாடு ஆகிற சரக்கு. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் கிளேஸ் ஹாலர்ட் குழு, சிகிச்சை தொடங்காத பெரியவர்களின் தண்டுவட நீரில் செரோடோனின் சிதைந்து உண்டாகும் பொருள் குறைவாக இருப்பதைக் காட்டியது. 1983இல் அதே குழு, ஒரு வருஷம் கோதுமையை விட்டும் மனச்சோர்வு மாறாத 12 பேருக்கு ஆறு மாதம் பி6 கொடுத்தது, சோர்வு குறைந்தது. பன்னிரண்டே பேர், நாற்பது வருஷத்துக்கு முந்தையது. இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் பி6 பாட்டில் வாங்கிவிடாதீர்கள். அதிக அளவில் நாள்பட எடுத்தால் கால் நரம்பு மரத்துப் போகும்.

இங்கே ஒரு கடிவாளம் போட வேண்டும். செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு என்ற நேர்க்கோட்டு விளக்கமே இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. பத்தாண்டுக் கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த ஒரு மறுபார்வை, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. அதோடும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் நாத்தனாரின் அழுகைக்கு ஆறு வருஷ ரத்தசோகை ஒரு காரணம், தூக்கமின்மை ஒரு காரணம், யாரும் நம்பாதது ஒரு காரணம். கல்யாண வீட்டுக்குப் போய் இலையில் எதைத் தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. செரோடோனின் இவற்றுக்கு நடுவே ஓடும் ஒரு இழை. ஆனால் "எல்லாம் மனசுதான்" என்று வயிற்றைப் பார்க்காமல் அனுப்புவதற்கு அந்த ஒரு இழையே போதுமான மறுப்பு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, சந்தேகப்படுவதுதான் கஷ்டம். டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை, முன்னே சொன்ன டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிக்கு எதிரான ஐ.ஜி.ஏ. வகை ஆன்டிபாடியை அளப்பது. அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் பார்க்க வேண்டும், அது பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக நார்மல் காட்டும். ரிசல்ட் உயர்ந்திருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து முன்சிறுகுடலில் சிறு துண்டுகள் எடுத்துப் பார்ப்பார்கள். மொட்டையான குடல் என்றதும் சீலியாக் என்று முடிவுகட்டவும் கூடாது. டிராபிகல் ஸ்ப்ரூ என்ற நோயும் அதே போலத் தெரியும். தென்னிந்தியாவில் பல காலம் அதுவே பெரிய பிரச்சினை, வேலூர் சி.எம்.சி.யில் அதைப் பற்றி நடந்த ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. லேபில் உட்கார்ந்திருக்கிறவளாக நான் திரும்பத் திரும்பச் சொல்லுவது ஒன்று: பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள். யூடியூப் பார்த்து ஆறு மாசம் "குளூட்டன் ஃப்ரீ" இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆன்டிபாடி இறங்கியிருக்கும், நாங்கள் நெகட்டிவ் என்று அச்சடித்துக் கொடுப்போம்.

நோய் உறுதியானால் ஆயுளுக்கும் விட வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை, சுற்றிலும் குளூட்டன் இல்லாத பயிராகவே விளைகிறது. குச்சிக்கிழங்கும் அதிலிருந்து வரும் ஜவ்வரிசியும் நம் மாவட்டத்தின் அடையாளம். கம்பு, சோளம், ராகிக்களி. சேர்வராயன் மலையில் இன்னும் சாமை போடுகிறார்கள். தை மாசம் ஏற்காடு போனபோது மலையில் ஒரு வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். நாத்தனார் எதையும் விசாரிக்காமல் சாப்பிட்டாள். குழம்பில் பெருங்காயம் கிடையாது, பூண்டுதான். அவள் அப்படி நிம்மதியாகக் கையை நக்கியதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஊருக்குள் வந்தால்தான் பொறி. தட்டுவடை அரிசி மாவில் செய்வது, மொறுமொறுப்புக்கு மைதா கலந்ததா என்று வண்டிக்காரரிடம் கேட்க வேண்டும். பஜ்ஜிக்குக் கடலை மாவுதான், எண்ணெயில் முன்னால் வெந்தது சமோசா. காய்ச்சல்காரர்களுக்குத் தெம்புக்கென்று ஆற்றிக் கொடுக்கும் மால்ட் பானத்தில் கோதுமையும் பார்லியும் உண்டு. ஹோட்டல் குருமா கெட்டியாக இருந்தால் எது கெட்டியாக்கியது என்று சர்வருக்கே தெரியாது. பொட்டலத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த எழுத்தைத் தேடித்தான் அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைகடையாக நிற்கிறாள்.

குடல் தேற மாதக்கணக்கில் ஆகும், பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷம்கூட. மனசு அதே வேகத்தில் வருவதில்லை. அவளுடைய ஹீமோகுளோபின் இப்போது பதினொன்றரை, டிரிப்ஸ் இல்லாமல். ஆன்டிபாடி பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, இன்னும் நார்மல் இல்லை. தூக்கம் வாரத்தில் நாலு நாள் வருகிறது என்கிறாள்.

போன வாரம் லீ பஜாரில் அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைத்தது. மளிகைக்காரர் டப்பாவை நீட்டியபடியே, "அதே பெருங்காயந்தாங்க, என்ன வித்தியாசம்?" என்றார். அவள் விளக்கம் சொல்லவில்லை, ரெண்டு டப்பாவாக வாங்கினாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எங்கள் வீட்டு ரசத்துக்கு. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆடி கழிந்து.